பிறர் பொருட்டு எரியும் விளக்கு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. கல்லூரி முடிந்து வீடு திரும்பும் வழியில் எங்கள் காரின் டேஷ்போர்டில் ஒரு சிறிய விளக்கு எரியத் தொடங்கியது. செம்மஞ்சள் நிறம், என்ஜினின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கோட்டோவியமாக வரைந்தாற்போன்ற உருவம். ஓட்டுநர்கள் இதனைச் ‘செக் என்ஜின் லைட்’ என்பார்கள். வண்டியில் வேறு எந்த மாற்றமும் தென்படவில்லை. இழுவை குறையவில்லை, ஓசை மாறவில்லை, கரும்புகை இல்லை, டீசல் கூடுதலாகச் செலவாகவும் இல்லை. எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் யாரோ ஒருவர் மட்டும் முகம் வாடி அமர்ந்திருப்பதைப் போல, அந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் இருவரில் ஒருவர் கல்லூரியில் தமிழும் மற்றவர் பள்ளியில் கணக்கும் கற்பிப்பவர்கள். இயந்திரங்களைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவு, சாவியைத் திருப்பினால் அது ஓடும் என்பதோடு முடிந்துவிடும். எனவே மூன்று நாள்கள் அவ்விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினோம். நான்காம் நாள் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தபோது அறிவுரைகள் குவிந்தன. பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் அணைந்துவிடும் என்றார் ஒருவர். தம் வண்டியில் இரண்டாண்டுகளாக எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார் மற்றொருவர். அதன் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவதே சாலச் சிறந்தது என்றார் மூன்றாமவர். சிரித்துக்கொண்டோம். ஆனால் அடுத்த இரண்டு வாரங்களில் நாங்கள் சந்தித்த தொழில்முறை ஆலோசனைகள், இம்மூன்றிலிருந்தும் பெரிதாக வேறுபடவில்லை என்பதுதான் இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

முதலில் சென்ற பணிமனையில் ஓர் இளைஞர், ஸ்டியரிங்குக்குக் கீழே மறைந்திருந்த பதினாறு முனை கொண்ட செருகுவாயில் ஒரு கருவியை மாட்டினார். திரையில் ‘பி 0401’ என்று வந்தது. “ஈ.ஜி.ஆர். கோடு சார். ஒண்ணும் இல்ல, அழிச்சுட்டேன்” என்றார். விளக்கு அணைந்தது. முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம். நான்காம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது.

அது ஏன் உடனே எரியாமல் நான்கு நாள் பொறுத்தது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். இவ்வகைக் குறைகளில் பெரும்பாலானவற்றை வண்டியின் கணினி ஒரே முறை கண்டவுடன் விளக்கை ஏற்றிவிடுவதில்லை. ஒருமுறை கண்டால் மனத்தில் குறித்துக்கொள்ளும்; அடுத்த ஓட்டத்திலும் அதே சோதனையில் அதே குறை தென்பட்டால் மட்டுமே விளக்கை ஏற்றும். அச்சோதனையைச் செய்வதற்கும் என்ஜின் போதிய அளவு சூடேறியிருக்க வேண்டும். வேகமும் சுமையும் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆகவே, குறிப்பை அழித்துவிட்டால் விளக்கு சில நாள் அணைந்திருப்பது இயல்பு. அந்தச் சில நாள்களைத்தான் நாங்கள் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். போதாக்குறைக்கு, குறை தோன்றிய கணத்தில் என்ஜினின் வேகம், வெப்பம், சுமை ஆகியன எப்படி இருந்தன என்று கணினி எழுதிவைத்திருந்த குறிப்பும் அந்த அழிப்போடு போய்விட்டது. காய்ச்சல்காரரின் வெப்பநிலை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, காய்ச்சல் போயிற்று என்று வீட்டுக்கு அனுப்பியதற்கு ஒப்பானது இது.

இரண்டாவது பணிமனை பெரியது. அங்கும் அதே கருவி, அதே எண். “வால்வு போயிடுச்சு சார். புதுசு மாத்தணும்; வேலையோட சேர்த்துப் பதினெட்டாயிரம் ஆகும்” என்றார்கள். எங்கள் முகம் மாறியதைப் பார்த்த மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தி இன்னொரு வழி சொன்னார். அவ்வழியில் ஒரு சிறிய இரும்புத் தகட்டை வைத்து அடைத்துவிடலாம்; கணினிக்குள் இருக்கும் நிரலையும் மாற்றிவிடலாம்; அப்புறம் அந்த விளக்கு வாழ்நாள் முழுவதும் எரியாது; எல்லாம் சேர்ந்து ஏழாயிரம். “நெறைய பேர் பண்றாங்க சார். பிக்கப்பும் நல்லாயிருக்கும், என்ஜினும் சுத்தமா இருக்கும்.”

உண்மையைச் சொன்னால், அன்று நாங்கள் ஏறத்தாழ இசைந்துவிட்டோம். பதினெட்டாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காசிரியரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்விதான் எங்களைத் தடுத்தது. தகடு வைத்து அடைத்தாலும் வண்டி நன்றாகவே ஓடும் என்றால், அந்த வால்வு அங்கே எதற்காக இருக்கிறது?

விடை தேடப் புகுந்தபோது, அது வண்டிக்காக இல்லை என்பது தெரிந்தது.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடு ஆக்சிஜன். இவ்விரண்டும் நம் நுரையீரலுக்குள் அருகருகே வந்துபோகின்றன. ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் என்ஜினின் எரியறைக்குள் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இரண்டும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இக்கூட்டத்தைச் சேர்ந்த நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலுறச் செய்வது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தீங்கு மிகுந்தது. வெயிலில் பிற ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாகவும், நுண்துகள்களாகவும் மாறுவது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிய வைத்த புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் கழிவுகளும் வெயிலும் சேர்ந்த இந்த வினையே காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே கலிஃபோர்னியாவில் வண்டிப் புகைக்குக் கட்டுப்பாடுகள் வரலாயின.

ஈ.ஜி.ஆர். வால்வு செய்யும் வேலை எளியது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளிழுக்கும் காற்றோடு கலந்துவிடுகிறது. ஏற்கெனவே எரிந்து தீர்ந்த அந்த வாயுவில் எரிவதற்கு ஏதுமில்லை, ஆக்சிஜனும் குறைவு. அது எரியறைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதும் குறைகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இடம்பெற்ற இந்த உத்தி, பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் டீசல் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடத்தக்க நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு பாரத் 3 விதிகளில் 0.50 கிராம், பாரத் 4-இல் 0.25, 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் 6-இல் 0.08. இந்த எண்கள் இறங்கி வந்த படிக்கட்டில் அந்தச் சிறிய வால்வும் ஒரு படி.

இதனை அறிந்த பின் தகடு வைக்க மனம் ஒப்பவில்லை. பதினெட்டாயிரம் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. இந்நிலையில், ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போய்ப் பாருங்கள் என்றார் எங்கள் தெருக்காரர். தகரக் கூரை, எண்ணெய் படிந்த மண் தரை, ஆனால் மேசை மேல் நல்ல ஸ்கேனர் ஒன்று. அவர் செய்த முதல் வேலை, எந்தக் கருவியையும் எடுக்காமல் எங்களை உட்காரவைத்து வினவியதுதான். வண்டி எப்போது வாங்கியது? எவ்வளவு ஓடியிருக்கிறது? விளக்கு எரிந்தபோது எங்கே, எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தீர்கள்? அதற்கு முன் யார் கைவைத்தார்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

2018-இல் வாங்கியது, தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றோம். இரண்டாண்டுகளுக்கு முன்புவரை தஞ்சையிலிருந்து நாள்தோறும் போக வர எண்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி. கல்லூரிக்கு அருகிலேயே வீடு மாறிய பின் காலையில் மூன்று, மாலையில் மூன்று. “அதான்” என்றார். “சூடு ஏறுறதுக்குள்ள வீடு வந்துடுது.”

பின்னர்தான் ஸ்கேனரை மாட்டினார். எண்ணை எழுதிக்கொண்டார், அழிக்கவில்லை. அவர் எங்களுக்கு விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறோம். பி 0401 என்பது வால்வு பழுது என்று சொல்லவில்லை. திரும்பி வரவேண்டிய புகை போதிய அளவு வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டது காரணமாகலாம். வால்வு நன்றாயிருந்து, புகை வரும் வழி அடைத்திருக்கலாம். புகையைக் குளிரவைக்கும் கூலர் அடைத்திருக்கலாம். ஒயரோ இணைப்போ கெட்டிருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் தவறாக அளந்திருக்கலாம். காற்றுக்குழாயில் கசிவு இருக்கலாம். ஒரே அறிக்கை, ஆறு காரணங்கள். முதல் பணிமனை இந்த அறிக்கையையே அழித்தது. இரண்டாவது பணிமனை ஆறில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு விலை சொன்னது.

அவர் ஒவ்வொன்றாக விலக்கினார். ஒயர்களையும் ரப்பர் குழாய்களையும் விரலால் தடவிப் பார்த்தார். என்ஜினை நன்கு சூடேற விட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி, காற்றை அளக்கும் சென்சாரின் எண் அதற்கேற்ப ஏறி இறங்குவதைக் காட்டினார், அது நலம். பிறகு, வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருக்கையில் வால்வைத் திறக்குமாறு ஸ்கேனர் வழியாக ஆணையிட்டார். வால்வு திறந்ததாகத் திரை காட்டியது. மூடச் சொன்னால் மூடியது. வால்வு திறந்தால் புகை உள்ளே வந்து இடம்பிடிக்கும். எனவே வெளிக்காற்று உள்ளே வருவது குறைய வேண்டும். ஆனால் காற்றின் அளவு இம்மியும் குறையவில்லை. “கதவு தொறக்குது சார். வழிதான் அடைச்சிருக்கு” என்றார்.

என்ஜின் ஆறிய பின் வால்வைக் கழற்றிக் காட்டினார். வால்வின் மேல் கரி படிந்திருந்தது உண்மையே. ஆனால் அதற்கு அப்பால், இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்லும் வழி ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. புகையின் கரியும், என்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, குளிர்ந்த சுவரில் களிம்பு போலப் படிந்து இறுகிய அடைப்பு. குறுகிய தூரம் மெதுவாக ஓட்டப்படும் டீசல் வண்டிகளில் இது விரைந்து சேரும். ஒரு முற்பகல் முழுதும் சுரண்டி, கிளீனர் அடித்துத் துடைத்து, வால்வின் மோட்டாருக்குள் அந்தத் திரவம் இறங்காதபடி தலைகீழாகப் பிடித்துத் தூரிகையால் தேய்த்து, புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டினார். மீண்டும் அதே ஆணை, அதே சோதனை. இப்போது வால்வு திறந்ததும் காற்றின் அளவு சட்டென இறங்கியது. அதன் பின்னரே குறிப்பை அழித்தார். இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். பதினெட்டாயிரம் கொடுத்துப் புதிய வால்வு மாற்றியிருந்தால், அடைபட்ட அதே வழிக்கு முன் ஒரு பளபளப்பான கதவை மாட்டியிருப்போம். சில நாள்களில் விளக்கும் எரிந்திருக்கும்.

அப்பட்டறையில் நின்றிருந்தபோது, தமிழ் கற்பிப்பவருக்கு ஏட்டுச்சுவடிகளின் நினைவு வந்தது. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இராது. ஒரே வரிவடிவத்தை இரண்டு மூன்று சொற்களாகப் படிக்கலாம். அவற்றில் எது உண்மைப் பாடம் என்பதை, முன்னும் பின்னும் பார்த்து, வேறு சுவடிகளோடு ஒப்பிட்டு, உரையாசிரியர்களைத் துணைகொண்டே பதிப்பாசிரியர்கள் முடிவுசெய்தார்கள். கண்ணில் பட்ட முதற்பொருளே பொருள் என்று கொண்டவர்கள் ஏட்டைப் படித்தார்கள், நூலைப் படிக்கவில்லை. ஸ்கேனர் தரும் எண்ணும் புள்ளியில்லா எழுத்துதான். கருவி வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருகவில்லை. இன்று கைப்பேசியோடு இணையும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எண்ணைப் பார்த்துவிடலாம். பார்ப்பது எளிது, பார்த்ததோடு நின்றுவிடாமல் காரணத்தை நாடுவதுதான் தொழில்.

ஆயினும், திறமையான மெக்கானிக்கைப் புகழ்வதோடு முடிந்துவிடக்கூடிய செய்தி அன்று இது. நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று.

டேஷ்போர்டில் உள்ள முள்களையும் விளக்குகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். டீசல் தீர்வதைச் சொல்லும் முள் நமக்காக. நாம் வழியில் நின்றுவிடக் கூடாதே என்பதற்காக. ஆயில் விளக்கும் வெப்பமானியும் நம் என்ஜினுக்காக. பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சீட் பெல்ட் விளக்கும் நமக்காகவே. செக் என்ஜின் விளக்கின் தோற்றக் கதை மட்டும் வேறு. வண்டியின் புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் பழுதுபட்டால் அதனை வண்டியே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டதால் வந்த விளக்கு அது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து பொதுத் தரத்தில் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் 4 வண்டிகளுக்கு 2010இல் முதல் நிலையும் 2013இல் இரண்டாம் நிலையுமாக வந்தது. என்ஜினைக் கெடுக்கும் குறைகள் சிலவற்றையும் அது சேர்த்தே சொல்லும் என்பது உண்மை. அது சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டுவது நல்லது. ஆனால் எங்கள் வண்டியில் அன்று எரிந்தபோது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை, எங்களுக்குப் பின்னால் இரு சக்கர வண்டியில் வந்தவருக்கு. சாலையோரம் இளநீர் விற்றவருக்கு. பள்ளி வாயிலில் நின்ற குழந்தைக்கு. அவர்கள் சார்பில் எங்கள் கண்ணெதிரே எரிந்த விளக்கு அது. நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அதனைப் புறக்கணிப்பவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் அந்த விளக்கு தேவைப்படுகிறது.

அதற்குத்தான் புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்த நாள்களிலும் எங்களிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தது. டீசல் வண்டிக்கு அச்சோதனையில் செய்வது, நின்ற நிலையில் ஆக்சிலேட்டரை விரைந்து அழுத்தி, வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பது. கரும்புகையை அது பிடிக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதில்லை. போதாததற்கு ஒரு முரணும் உண்டு. ஈ.ஜி.ஆர். வால்வு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும்போது கரியைச் சற்றே கூட்டுகிறது. எனவே, அவ்வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்ட வண்டி, சான்றிதழ் சோதனையில் முன்னைவிட நல்ல எண்ணைப் பெறவும் கூடும்! கண்ணுக்குத் தெரியாத நஞ்சு கூடுகிறது, கண்ணுக்குத் தெரியும் புகை குறைகிறது, சான்றிதழும் கிடைத்துவிடுகிறது. இந்நிலையில் அந்த நஞ்சுக்கு ஒரே சாட்சி, டேஷ்போர்டில் உள்ள அந்த விளக்குதான். தகடு வைப்பவர்கள் நிரலையும் சேர்த்து மாற்றுவது, அந்த ஒரே சாட்சியையும் வாய்மூடச் செய்வதற்காகவே.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் பற்றி அறிக்கை வெளியிட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். சோதனைச்சாலையில் இருப்பதை நிரல் அறிந்துகொண்டு அங்கே மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும்; சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை வெளிவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அன்று உலகமே சினந்தது, நாமும் சினந்தோம். ஏழாயிரம் ரூபாய்க்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட வழி, அதே செயலின் சில்லறை வணிகம் அன்றி வேறென்ன? நிறுவனம் செய்தால் மோசடி. நாம் செய்தால் சிக்கனம் என்று கொள்வது எந்த அறம்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. காற்று மாசு விதிகளை மீறி ஓட்டுவதற்கான 190(2)ஆம் பிரிவின் தண்டத்தொகை, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பத்தாயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. ஆனால் கண்டுபிடிக்கும் சோதனையே இல்லாத குற்றத்துக்குத் தண்டத்தொகையை உயர்த்தி என்ன பயன்?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தகடு வைக்கச் சொல்பவர்கள் எல்லாரும் தீயவர்கள் அல்லர். அந்த வால்வு என்ஜினின் உள்வழிகளில் கரி சேர்க்கிறது என்று அவர்கள் சொல்வது மெய்; எங்கள் வண்டியே சான்று. வாடகைக் கார் ஓட்டி மாதத் தவணை கட்டும் ஒருவரிடம் பதினெட்டாயிரம் கேட்டால், அவர் ஏழாயிரத்தை நாடுவது இயற்கை. அவருடைய நெருக்கடியைக் கல்லூரி ஊதியம் பெறும் நாம் எளிதாகக் கண்டிக்கலாகாது. ஆனால் அவர் முன் வைக்கப்பட்ட தேர்வே பொய்யானது என்பதுதான் நம் வாதம். பதினெட்டாயிரமா ஏழாயிரமா என்ற கேள்விக்கு நடுவே, இரண்டாயிரத்து இருநூறு என்ற விடை ஒளிந்திருந்தது. அதனைக் கண்டடைய வேண்டியிருந்தது அரைநாள் பொறுமையும் ஒழுங்கான வினவலுமே. நோயறியும் உழைப்புக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. மாற்றிய பாகத்துக்கு மட்டுமே கொடுக்கிறோம். அதனால் பணிமனைகளும் பாகங்களையே விற்கின்றன. அந்த முதியவர் வினவிய அரைமணி நேரத்துக்கு எந்த ரசீதிலும் ஒரு வரி இல்லை.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வண்டி ஆய்வின்போது அந்தப் பதினாறு முனைச் செருகுவாயையே கேட்கிறார்கள். விளக்கு எரியுமாறு கணினி ஆணையிட்டிருந்தால் தேர்ச்சி இல்லை. சோதனைக்கு முன்தினம் குறிப்பை அழித்துவிட்டு வந்தாலும் பிடிபடும். ஏனெனில் தன் சோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று கணினியே சொல்லிவிடும். நம் வண்டிகளிலும் அதே செருகுவாய் இருக்கிறது. வண்டி பேச ஆயத்தமாக இருக்கிறது. புகைச் சோதனைக் கூடத்தில் அதன் பேச்சைக் கேட்க ஆளில்லை. குழாயின் முனையைப் பார்ப்பதோடு கணினியையும் கேட்பது என்ற ஒரு விதி வந்தால், தகடு வணிகத்தின் பெரும்பகுதி தானே அடங்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது சில. விளக்கு எரிந்தால், எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் எவரையும் அழிக்க விடாதீர்கள். பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். வேறு காரணங்களை எப்படி விலக்கினீர்கள் என்று கேளுங்கள். விடை சொல்பவரிடம் வண்டியை விடுங்கள். டீசல் வண்டியைக் கடைத்தெருவுக்கு மட்டுமே ஓட்டுபவராயின், வாரம் ஒருமுறையேனும் நெடுஞ்சாலையில் நன்கு சூடேறும்வரை ஓட்டுங்கள். எங்கள் மெக்கானிக் விதித்த பத்தியம் இது. இப்போது ஞாயிறுதோறும் தஞ்சை வரை சென்று வருகிறோம். மூன்று கிலோமீட்டர் கல்லூரிப் பயணத்துக்கு மிதிவண்டி வாங்கியாயிற்று. டீசல் புகையின் மீதான சிறந்த கட்டுப்பாடு அதுவே என்று கணக்காசிரியர் தீர்ப்பளித்துவிட்டார்.

இறுதியாக, பழைய டீசல் கார் வாங்கும் எண்ணமுடைய நண்பர்களுக்கு ஒரு சொல். சாவியை முழுதும் திருப்பி என்ஜினை இயக்குவதற்கு முன்னுள்ள நிலையில் நிறுத்திப் பாருங்கள். செக் என்ஜின் விளக்கு அப்போது தானாக எரிய வேண்டும். தான் உயிரோடிருப்பதை அறிவித்துவிட்டு, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அந்த நேரத்திலும் எரியாத விளக்கு, குறையில்லாத வண்டியின் அடையாளம் அன்று. யாரோ அதனைப் பிடுங்கியிருக்கலாம், அல்லது அதன் வாயை அடைத்திருக்கலாம். தரகர் அதனைக் காட்டி, “பாருங்க, ஒரு லைட்டும் எரியல” என்று பெருமையோடு சொல்வார். ஏன் எரியவில்லை என்று கேளுங்கள்.